ராத்திரி கார் எங்கே நிற்கும்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. முக்கியமான பகுதியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"நான் திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். வீடு கே.கே. நகர்ப் பக்கம். தினமும் போக வர 44 கிலோமீட்டர். எங்கள் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு டாடாவின் மின்சாரக் கார் டியாகோ இவி வாங்கலாம் என்று நானும் கணவரும் பேசி வைத்திருக்கிறோம். கையிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் போட முடியாது. மாதம் ஒரு முறை கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம், ஒரு வழி 100 கிலோமீட்டர். வருஷத்தில் இரண்டு தடவை சென்னை. ஷோரூமில் 'இப்ப எல்லா ஊர்லயும் சார்ஜர் வந்துருச்சு மேடம்' என்கிறார்கள். என் தம்பியோ 'வாங்காதேக்கா, நடுரோட்டில் நிற்பாய்' என்கிறான். சார்ஜர் தேடும் ஆப்பைத் திறந்தால் மேப் முழுக்கப் புள்ளிகள். யாரை நம்புவது? அப்புறம் ஒரு விஷயம், எங்கள் அப்பார்ட்மெண்டில் எங்களுக்கென்று பார்க்கிங் இடம் உண்டு. ஆனால் அங்கே பிளக் பாயிண்ட் வைக்க அசோசியேஷன் செயலாளர் தயங்குகிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

பொது சார்ஜரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிளக் பாயிண்ட் பற்றி, 'அப்புறம் ஒரு விஷயம்' என்று கடைசியில் ஒரே வரி. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தக் காரை நீங்கள் வாங்கலாமா கூடாதா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. செயலாளர் சம்மதித்தால் உங்கள் ஓட்டத்துக்கு மின்சாரக் கார் நன்றாகப் பொருந்தும். சம்மதிக்காவிட்டால், ஊரில் எத்தனை சார்ஜர் இருந்தாலும், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கல்லூரி, கடை, கோயில் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 2,400 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈ.பி. பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது, அதனால் அப்படியே கணக்குப் போடுவது சுலபம். உங்கள் பழைய கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 150 லிட்டர், ஏறக்குறைய 15,000 ரூபாய். டியாகோ மாதிரிச் சின்ன மின்சாரக் கார், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். அப்படியானால் 330 யூனிட்.

இங்கேதான் நிறையப் பேர் கணக்கில் தவறுகிறார்கள். "யூனிட் அஞ்சு ரூபாய், 330 யூனிட்டுக்கு 1,650 ரூபாய்" என்று ஷோரூமில் சொல்வார்கள். நம் ஊரில் வீட்டுக் கட்டணம் அப்படி ஏறுவதில்லை. உங்கள் வீடு இப்போது 380 யூனிட் எரிக்கிறது என்றால், முதல் 100 யூனிட் இலவசம் போக, பில் 1,100 ரூபாயை ஒட்டி வரும். காரும் சேர்ந்து 710 யூனிட் ஆனால் 500 யூனிட் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2 ரூபாய் 35 காசு என்ற சலுகை விலை போய்விடும், அதற்கும் 4 ரூபாய் 80 காசு ஆகிவிடும். 600-க்கு மேலே ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 65 காசு. மொத்த பில் 4,000 ரூபாயைத் தொடும். காரால் கூடுவது 2,900 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள். 15,000 எங்கே, 2,900 எங்கே! மாதம் ஆறாயிரம் ரூபாய் கையில் நிற்கும். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள யூனிட்டோடு 330-ஐக் கூட்டி நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டில் இரண்டு ஏ.சி. ஓடினால் கணக்கு மாறும்.

இதே 2,400 கிலோமீட்டரைப் பொது வேக சார்ஜரில் மட்டுமே ஓட்டினால்? அங்கே யூனிட் விலை இடத்துக்கு இடம் வேறு. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 20 முதல் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,000 ரூபாய் ஆகும். பெட்ரோலில் பாதிதான், அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, கல்லூரி முடிந்து களைத்து வரும்போது, ஒரு மாலின் கார் நிறுத்தத்திலோ ஹோட்டல் வாசலிலோ ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மாதம் புதுக் கார் என்று உற்சாகமாக இருக்கும். நாலாவது மாதம் காரை விற்க விளம்பரம் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்த இரண்டு பேர் விலை பேச என்னிடமே வந்தார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் பிளக் இல்லை, அவ்வளவுதான்.

சரி, செயலாளரிடம் எப்படிப் பேசுவது? அவருடைய தயக்கத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நான் இருபது வருஷமாக வாகன மின்வேலையில் இருக்கிறேன். போன கோடையில் ஒருவர் தன் வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மேசையில் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் கேரமல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு துளை உருகி, பின்னின் பித்தளை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கார் சார்ஜர் கெட்டுப்போச்சு சார்" என்றார். சார்ஜரில் ஒன்றும் இல்லை. மாடியில் கீசருக்காகப் பழைய நாளில் இழுத்த மெல்லிய வயர், அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதை ஜன்னல் வழியாகக் கீழே விட்டு ராத்திரி எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டிருக்கிறார். கீசர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் விடிய விடிய 12, 13 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே பிளக் என்றாலும் வயருக்கு அது வேறு வேலை.

ஆகவே செயலாளரிடம் 'ஒரு பிளக் பாயிண்ட்' என்று கேட்காதீர்கள். என்ன வேலை, எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். நம் ஊர் அப்பார்ட்மெண்டுகளில் எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளத்தில் ஒரே இடத்தில் இருக்கும். இது உங்களுக்குப் பெரிய வசதி. இரண்டாவது மாடியிலிருந்து வயர் இறக்க வேண்டியதில்லை. உங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் எடுத்து, உங்கள் கார் நிற்கும் தூண் வரை 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைக் குழாய்க்குள் கொண்டு போகலாம். அந்த லைனுக்கென்று தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் இணைப்பை வெட்டும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) இரண்டும் வேண்டும். முனையில் மழைச்சாரல் படாத, பூட்டக்கூடிய பெட்டிக்குள் கனரக 16 ஆம்பியர் சாக்கெட். மின்சாரம் உங்கள் மீட்டரில் ஓடுவதால் பொதுக் கணக்கில் ஒரு பைசா ஏறாது. அசோசியேஷன் கூட்டங்களில் முதலில் எழும் சண்டை அதுதான், அதற்கு இடமே இருக்காது. சொந்த இடத்தில், இருக்கிற மின் இணைப்பைக் கொண்டே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. அதன் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் அதைக் காட்டி மிரட்டுவது போல் பேசிவிடாதீர்கள். நாளைக்கும் அதே படிக்கட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈ.பி.யில் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் லோடு அனுமதி என்பதையும் பாருங்கள், பில்லிலேயே இருக்கும். கார் 3 கிலோவாட் கூட்டும். போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு மனுப் போட்டுப் பணம் கட்டிவிடுங்கள்.

தீயைப் பற்றிச் செயலாளர் கேட்பார். டியாகோ இவியில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நான் போடும் லைனை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் செய்து சான்று தருவார், எர்த்தையும் அளந்து காட்டுவார்" என்று சொல்லுங்கள். எர்த் விஷயத்தில் கார் கண்டிப்பானது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்றவே ஏற்றாது, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வண்டி பழுது என்று என்னிடம் வருகிற அழைப்புகளில் நிறைய இந்த எர்த் கோளாறுதான்.

இப்போது மேப்பில் நீங்கள் பார்த்த புள்ளிகளுக்கு வருகிறேன். ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. மதுரை, திருச்சி, கோவை, சென்னை சாலைகளில் மூன்று நான்கு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் புள்ளிகள் எல்லாம் உங்களுக்கானவை இல்லை. சில ஸ்கூட்டருக்கு. சில பழைய பாரத் டிசி வகை, அதன் கன், அதாவது காரில் சொருகுகிற முனை, உங்கள் காரில் பொருந்தாது. சில ஏ.சி. சார்ஜர், வீட்டு பிளக்கில் வருகிற அதே வகை மின்சாரத்தைத் தருபவை. அதன் பலகையில் 22 கிலோவாட் என்றிருந்தாலும் உங்கள் காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் அவ்வளவுதான் ஏறும், வீட்டில் ஏறுகிற வேகமேதான். ஆப்பில் சிசிஎஸ்-2 (உங்கள் காருக்குப் பொருந்தும் வேக சார்ஜ் கன் வகை), 25 கிலோவாட்டுக்கு மேல் என்று வடிகட்டுங்கள். புள்ளிகள் சட்டென்று குறையும். மிஞ்சுவதுதான் உங்கள் மேப்.

அதிலும் 60, 120 கிலோவாட் என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். டியாகோவின் 24 யூனிட் பேட்டரி 10 சதவீதத்திலிருந்து 80 வர 58 நிமிடம் என்று நிறுவனமே சொல்கிறது. அந்த 70 சதவீதம் என்பது 17 யூனிட்டுக்கும் குறைவு. அப்படியானால் கார் சராசரியாக இழுப்பது 17, 18 கிலோவாட்தான். 120 கிலோவாட் சார்ஜரில் போட்டாலும் அதே ஒரு மணி நேரம் ஆகும். 80-க்கு மேலே இன்னும் மெதுவாகும், அதனால் நெடுஞ்சாலையில் 80 ஆனதும் கழற்றிவிட்டுக் கிளம்புவதுதான் நேரத்துக்கும் நல்லது, பின்னால் நிற்பவருக்கும் நல்லது.

பின்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு திருச்சிப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஆப்பில் ஒரு ஹோட்டல் வாசலில் இரண்டு கன் காலி என்றிருந்தது. 22 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தேன். ஒரு கன்னின் மேல் செல்லோ டேப்பால் 'வேலை செய்யாது' என்று தாள் ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ஒரு வாடகை வண்டி, 94 சதவீதம், ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் ஓட்டியவர், எழுப்ப மனம் வரவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து அவராகவே எழுந்து கழற்றினார். அப்புறம் என் போனில் சிக்னல் இல்லை, ஓ.டி.பி. வரவில்லை. ஹோட்டல் காவலாளி தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தார். பின்சீட்டில் பிள்ளை பசியோடு தூங்கிவிட்டாள். அன்றைக்கு நான் செய்த தப்பு, அந்த ஓர் இடத்தையே நம்பி 22 சதவீதம் வரை வந்தது. 35 சதவீதத்தில் முந்தைய இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். உங்களுக்குச் சொல்கிறேன், ஒரு சார்ஜருக்குப் போகும்போது, அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகிற அளவு சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். இந்தக் கார்களில் அது 30 சதவீதம்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது, உங்கள் பழைய பெட்ரோல் காரிலேயே, மின்சாரக் காரில் போவதாக நினைத்துக்கொண்டு போங்கள். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று வழியில் ஆப் காட்டுகிற வேக சார்ஜர் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பாருங்கள். போகும்போது இடதுபக்கம் எது இருக்கிறது, வரும்போது எது இருக்கிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். நாலுவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் இருக்கும் சார்ஜருக்குப் போக அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும், மேப்பில் அது ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். எத்தனை கன், திரையில் வெளிச்சம் இருக்கிறதா, கன்னின் கொக்கி உடையாமல் இருக்கிறதா, பெண்கள் போகிற மாதிரிக் கழிவறை இருக்கிறதா, ஒன்பது மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுவார்களா என்று பாருங்கள். கார் ஷோரூம் வளாகத்துக்குள் இருக்கும் சார்ஜர்களில் பூட்டுகிற பிரச்சினை அதிகம். அங்கே நிற்கிற காவலாளியிடம் "நேத்து எத்தனை வண்டி சார்ஜ் போட்டாங்கண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில் எந்த ஆப்பிலும் கிடைக்காது. 'நாலைந்து வந்துச்சும்மா' என்றால் அது உயிரோடு இருக்கிற சார்ஜர். 'அது ஓடி ரொம்ப நாளாச்சு' என்றால் உங்கள் மேப்பிலிருந்து அதை அடித்துவிடுங்கள்.

அம்மா வீட்டுக்குப் போனதும் இன்னொன்றைப் பாருங்கள். நீங்கள் மாதாமாதம் போகிற இடம் அது, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினாலும் ஐந்தாறு மணி நேரம் கார் சும்மா நிற்கும். அங்கே ஒரு நல்ல 15 ஆம்பியர் பிளக் இருந்தால் ஐந்து மணி நேரத்தில் 13, 14 யூனிட் ஏறும். வீடு திரும்ப அது போதும். விருதுநகரில் எத்தனை சார்ஜர் இருக்கிறது என்ற கவலையே உங்களுக்குப் பாதி குறைந்துவிடும். கிராமத்து வீடு பழையது என்றால் அங்கேயும் தனி லைன், புது எர்த் குழி, இரண்டும் போட்டுவிடுங்கள். அப்பார்ட்மெண்டைவிடச் செலவு குறைவு, கேட்க ஆளும் இல்லை. ஆனால் தோட்டம் இருந்தால், அங்குள்ள மோட்டார் இணைப்பில் மட்டும் காரைச் சொருகிவிடாதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது மின்சாரச் சட்டப்படி குற்றம், அபராதம் அம்மா பேரில் வரும்.

சென்னைக்கு நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 460 கிலோமீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏ.சி. போட்டு, 24 யூனிட் பேட்டரி நெடுஞ்சாலையில் முழு சார்ஜுக்கு 160 முதல் 175 கிலோமீட்டர் கொடுக்கும். 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது அறிவித்த 315 கிலோமீட்டர் சோதனைக்கூடக் கணக்கு. நான் சொன்ன 30 சதவீத மிச்சத்தை வைக்காமல் 10, 15 வரை இறக்கி ஓட்டினால்கூட, 140 கிலோமீட்டர் ஓடித் திருச்சியில் முதல் நிறுத்தம், அப்புறம் 80 வரை ஏற்றி ஏற்றி இன்னும் இரண்டு நிறுத்தம். எட்டு மணி நேரப் பயணம் பதினொன்று ஆகும், அதுவும் எங்கேயும் வரிசை இல்லை என்றால். தீபாவளிக்கு முந்தின நாள் அந்தச் சாலையில் வரிசை இல்லாமல் இருக்காது. வருஷத்துக்கு இரண்டு தடவைதானே, வைகை ரயிலிலோ பாண்டியன் ரயிலிலோ போய்வாருங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு பயணத்துக்காக மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பேட்டரிக் கார் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எந்தக் கார் என்ற கேள்வியில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எம்ஜி காமெட் விலை குறைவு, நகரத்துக்குள் அருமையான வண்டி. ஆனால் நெடுஞ்சாலையில் இருக்கிற வேக சார்ஜரில் ஏற்றும் வசதி அதில் கிடையாது. கோவில்பட்டி போகிற உங்களுக்கு ஆகாது. பஞ்ச் இவியில் பெரிய பேட்டரி பார்த்தால் உங்கள் பணத்தைத் தாண்டும். டியாகோதான். அதில் 19.2 யூனிட், 24 யூனிட் என்று இரண்டு பேட்டரி. சின்னது எக்ஸ்-ஷோரூம் விலை எட்டு லட்சத்தை ஒட்டித் தொடங்குகிறது, பெரியது பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும். தினசரி 44 கிலோமீட்டருக்குச் சின்னதே தாராளம். ஆனால் நெடுஞ்சாலையில் அது 130 கிலோமீட்டர்தான் போகும். கோவில்பட்டியில் இறங்கும்போது 25 சதவீதத்துக்கும் குறைவாக மிஞ்சும், மழை பெய்தால், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் குறையும். ஒவ்வொரு மாதமும் அந்தப் பதற்றம் எதற்கு? பழைய காரைக் கொடுத்து வருகிற பணத்தைச் சேர்த்துப் பெரிய பேட்டரியையே எடுங்கள். முடியாவிட்டால் இரண்டு மூன்று வருஷம் ஓடின 24 யூனிட் வண்டியைத் தேடலாம். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை மட்டும் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள்.

பெட்ரோல் டியாகோவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, மின்சாரக் காருக்கு ஏற்கெனவே இருந்த 5 சதவீதமே தொடர்கிறது. அதனால் இரண்டுக்கும் உள்ள விலை இடைவெளி கூடிவிட்டது, மூன்று லட்சத்துக்கு மேல் வரும். வீட்டில் சார்ஜ் போட்டால் மாதம் ஆறாயிரம் மிச்சம், நாலரை வருஷத்தில் அந்தப் பணம் திரும்பி வரும். பொது சார்ஜரை மட்டும் நம்பினால் மாதம் நாலாயிரம்தான் மிச்சம், ஆறேழு வருஷம் ஆகும். பேட்டரி உத்தரவாதமே அப்போது முடியப் போகும். செயலாளரின் ஒரு கையெழுத்துக்கு நான் ஏன் இவ்வளவு எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

விற்பனையாளர் '80-இஇபி-யில் வருமான வரிச் சலுகை' என்று சொன்னால் நம்பாதீர்கள், அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் சொந்தக் காருக்கு மானியம் கிடையாது. தமிழ்நாட்டுச் சாலை வரி விலக்குக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் பதிவு செய்கிற நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

உங்கள் தம்பி சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் நடுரோட்டில் நிற்கிற மின்சாரக் கார்களில் நான் பார்த்தவற்றில் பல, பெரிய பேட்டரி தீர்ந்து நின்றவை அல்ல. எல்லாக் காரிலும் இருக்கிற அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போய், கார் 'முழிக்காமல்' நின்றவை. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோவில்பட்டிப் பயணத்துக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், சார்ஜர்களை அவரே இறங்கிப் பார்க்கட்டும்.

வருகிற மாதம் அசோசியேஷன் கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் உங்கள் மீட்டர் பலகையையும், அங்கிருந்து கார் நிற்கிற இடம் வரை உள்ள சுவரையும் போனில் படம் எடுத்து, தூரத்தை டேப்பால் அளந்து எனக்கு அனுப்புங்கள். செயலாளரிடம் கொடுக்க வேண்டிய வரைபடத்தையும், எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டிய பொருள் பட்டியலையும் நான் எழுதித் தருகிறேன்.